நிலமும் பொழுதும்: மனைப்பிரிவின் சட்ட வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

2016 செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அப்பா சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து திரும்பிவந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் மஞ்சப்பை. அதற்குள் 1995ல் திண்டிவனம் பக்கம் வாங்கிய அரை கிரவுண்டு மனையின் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திர நகல், வில்லங்கச் சான்று, தவணை கட்டிய அட்டை. தங்கை கல்யாணத்துக்காக மனையை விற்க ஆள் பார்த்து, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. "பதிய மாட்டாங்களாம்டா. அப்ரூவல் இல்லாத ப்ளாட்டையெல்லாம் கோர்ட்டு நிறுத்திடுச்சாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரைப் பார்த்தும் இல்லாமல், "நான் வாங்கினப்ப இதே ஆபீசுலதானே பதிஞ்சாங்க? ஸ்டாம்பு காசு வாங்கினவனுக்கு அப்ப தெரியாதா, அப்ரூவல் இல்லன்னு?" என்று கேட்டார்.

இக்கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் எழுதப்படுகிறது.

நிலத்தில் பணம் போடுபவர்களை அரசின் சட்டங்கள் எவ்வாறு பாதிக்கின்றன என்பது நம் சூழலில் இரண்டு குரல்களில் மட்டுமே பேசப்பட்டு வந்திருக்கிறது. மனைத் தொழில் நடத்துவோர், சட்டம் ஒரு வேலி, வேலி அதிகமானால் முதலீடு வராது என்கிறார்கள். நம் இடதுசாரி நண்பர்களோ, வேலி போதவில்லை, ஓட்டைகள் மிகுதி, அடைக்க வேண்டும் என்கிறார்கள். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு குரல்களும் ஒரே அனுமானத்தின் மீது நிற்கின்றன: நிலம் ஏற்கனவே இருக்கிறது, பணம் அதைத் தேடி வருகிறது, சட்டம் கடைசியாக வந்து குறுக்கே நிற்கிறது. நான் இந்த வரிசையைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்க விரும்புகிறேன். தமிழ்நாட்டில் 'மனை' என்ற சரக்கையும், அதை வாங்கி விற்பவர் என்ற மனிதரையும் சட்டமே உண்டாக்கியிருக்கிறது. தடுத்ததன் மூலமாகவும் உண்டாக்கியிருக்கிறது, மன்னித்ததன் மூலமாக அதைவிட அதிகமாகவும் உண்டாக்கியிருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தொல்காப்பியம் ஞாபகம் வரும். அகத்திணை மரபில் நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். நிலம் தனியாக முதற்பொருள் ஆவதில்லை. மனை வியாபாரத்தையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. ப்ளாட் வாங்குகிறவர் மண்ணை மட்டும் வாங்குவதில்லை. இந்தத் தேதிக்கு முன்னால் பதிந்தது, அந்தத் தேதிக்குப் பின்னால் கட்டியது என்று சட்டம் கிழித்துவைத்த பொழுதையும் சேர்த்தே வாங்குகிறார். பல நேரம் விலை போவது இரண்டாவதுதான்.

(மனை என்ற சொல்லுக்கு வீடு, இல்லாள் என்றெல்லாம் பொருள் இருந்தது. இன்று அது வீடே இல்லாத வெற்றிடத்தின் பெயர். இந்தப் பொருள் மாற்றத்தை மட்டும் தனியே எழுதலாம். போகட்டும்.)

2

முதலில் அந்த 2016. அனுமதியற்ற மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் செப்டம்பர் 9ஆம் தேதி ஆணையிட்டது. விளைநிலங்கள் எந்தத் திட்டமும் இல்லாமல் ப்ளாட்டுகளாக அறுபடுவதை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கு அது. இதையொட்டித்தான், பலரும் மறந்துபோயிருந்த ஒரு பிரிவு வெளிச்சத்துக்கு வந்தது. பதிவுச் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு அரசு 2009ஆம் ஆண்டின் 2ஆம் சட்டத்தால் சேர்த்திருந்தது. உரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் மனையாக மாற்றப்பட்ட நிலத்தைப் பதிய மறுக்கலாம் என்கிற பிரிவு. அது நடைமுறைக்கு வந்த நாள் 2016 அக்டோபர் 20. அதாவது, சட்டப் புத்தகத்தில் ஏழு வருடங்கள் தூங்கியது. அந்த ஏழு வருடங்களும் சும்மா இருந்த ஏழு வருடங்கள் அல்ல. தேசிய நெடுஞ்சாலைகளின் இரு மருங்கிலும் வண்ணக் கொடிகள் நடப்பட்டு, ஷாமியானா போட்டு, மத்தியானச் சாப்பாடும் போட்டு மனை விற்ற வருடங்கள்.

எழுதப்பட்டும் அமலாகாத சட்டம் ஒன்றுமே செய்வதில்லை என்று நினைப்போம். தவறு. அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்காக. நாளைக்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்தவன் இன்றைக்கு வேகமாக விற்பான், தெரியாதவன் வாங்குவான்.

அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்குரையும் இருக்கிறது. அதே மனை முன்பே ஒருமுறை வீட்டு மனையாகப் பதிவாகியிருந்தால், அனுமதி இல்லாவிட்டாலும் மறுபடி பதியலாம். படித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் தடவை செய்தால் குற்றம், இரண்டாம் தடவை செய்தால் மரபு. அப்பாவின் மனை இந்த விலக்குரையால் கடைசியில் பிழைத்தது. ஆனால் நீதிமன்றத் தடை 2017 மே வரை தளர்ந்தும் இறுகியும் கிடந்ததில், வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். தங்கை கல்யாணம் கடனில் நடந்தது.

அப்பாவின் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் மிக எளிமையானது, மிகக் குரூரமானதும்கூட. 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி அந்த அலுவலகம் பதிவது பத்திரத்தை, உரிமையை அல்ல. விற்கிறவனுக்கு விற்க உரிமை உண்டா, நிலம் வயலா மனையா என்பதை ஆராய்வது பழைய ஏற்பாட்டில் பதிவாளரின் வேலையே இல்லை. இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்கு மட்டும் அரசு சாட்சி. சாட்சிக்குக் கூலி, முத்திரைத் தீர்வை. அப்பாவோ அந்த ஊதா நிற முத்திரையை அரசாங்கத்தின் உத்தரவாதம் என்று வாசித்தார். அவர் மட்டுமல்ல, இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஒரு பிரதியை எல்லோரும் ஒரே மாதிரித் தவறாக வாசித்தார்கள் என்றால், அந்தத் தவறான வாசிப்பிலிருந்து யாருக்கு வருமானம் வந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

3

இனிப் பின்னால் போகவேண்டும்.

கார்ல் பொலானி 1944ல் எழுதியதை இங்கே நினைவுகொள்ளலாம். நிலம் விற்பனைக்காக யாராலும் உற்பத்தி செய்யப்பட்டதில்லை. ஆகவே அது கற்பனைச் சரக்கு. அதைச் சரக்காக நிறுத்திவைக்க அரசு ஓயாமல் உழைக்க வேண்டும் என்பது அவர் வாதம். சென்னை மாகாணத்தில் அந்த உழைப்பின் பெயர் ரயத்துவாரி. தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் எண், ஓர் ஆள், ஒரு கிஸ்தி. ஆளுக்குப் பட்டாதாரர் என்று பெயர். எண்ணுக்குள் வராத எல்லாவற்றுக்கும் புறம்போக்கு என்று பெயர். ஏரி, மேய்ச்சல், சுடுகாடு, களம், பாதை எல்லாம் அதில் அடக்கம். ஊருக்கு மிக அவசியமான இடங்களைக் குறிக்கும் வருவாய்த்துறைச் சொல் நம் தெருக்களில் வசையாக மாறியிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டில் நிலமற்ற ஒருவர் தரிசுக்கு மனுப் போட்டால் என்ன ஆகும்? தர்க்காஸ்து விதிகள், அதே ஊரின் மிராசுதார்களுக்கும் பட்டாதாரர்களுக்கும் முன்னுரிமை தந்தன. பறையர் ஒருவர் மனுப் போட்ட உடனே, அதுவரை அந்தத் தரிசைத் திரும்பியும் பார்க்காத மிராசுதார் தனக்கு வேண்டும் என்று வந்து நிற்பார். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல் எழுதிய அறிக்கை இந்த இயக்கத்தை அம்பலப்படுத்தியது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட அரசாணைகள் வந்தன. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லுவது இதன் வழியாக ஒப்படைக்கப்பட்ட நிலங்களைத்தான்.

நிலத்தை ஒப்படைத்ததோடு அந்த ஏற்பாடு நின்றுவிடவில்லை, நிபந்தனையும் விதித்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குள் மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சந்தைக்கு எதிராக ஒரு காலனிய அரசு எழுதிய, இன்றைக்கும் ரத்தாகாத நிபந்தனை. நிலத்தில் பணம் போடுபவர்களைத் தடுக்கும் சட்டங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் 1961லிருந்து தொடங்குகிறார்கள். முதலாவது இடத்தில் இருக்க வேண்டியது இதுதான். எல்லாத் தடைகளிலும் மிகச் சுலபமாக, ஓசையில்லாமல் மீறப்பட்டதும் இதுதான். அடமானமாக, வாய்மொழியாக, கள்ளுக்கடன் பேரில், வேற்றுப் பெயரில், பிறகு பதிவு பெற்ற பத்திரத்திலேயே நிலம் கைமாறிப் போயிற்று. பதிவாளர் பதிவது பத்திரத்தைத்தானே.

4

1961ன் கதை வேறு மாதிரி. நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970ல் அது 15 ஆனது. சட்டம் 1961ஆம் வருடத்தினது என்றாலும், தன் தொடக்க நாளாக 1960 ஏப்ரல் 6ஐக் குறித்துக்கொண்டது. பின்தேதியிட்டதற்குக் காரணம் வெளிப்படை: நிலக்கிழார்கள் செய்தித்தாள் படிப்பார்கள் என்பது அரசுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அரசைவிட முன்னதாகவே படித்திருந்தார்கள். பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்டு, குடும்ப டிரஸ்டு. நாய்க்கும் பூனைக்கும்கூடப் பட்டா இருந்தது என்று தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பினாமி பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் கவனப்படுத்த விரும்புவது நகரத்தின் ஓரங்களில் நடந்ததை.

ஒரு மனைத் தொழில்காரர் நகரத்துக்கு வெளியே 40 ஏக்கர் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் பேரில் வாங்கினால் உச்சவரம்பு குறுக்கே வரும். வாங்கும்போது ஒருமுறை, விற்கும்போது ஒருமுறை என முத்திரைத் தீர்வை இரண்டுமுறை விழும். ஆகவே அவர் வாங்குவதே இல்லை. விவசாயியிடமிருந்து 'பவர்' எழுதி வாங்கிக்கொள்கிறார். பொது அதிகாரப் பத்திரம் என்பது வெளிநாட்டில் இருப்பவருக்காக, படுக்கையில் கிடப்பவருக்காக ஏற்பட்ட சாதாரணக் காகிதம். அதை வைத்துக்கொண்டு கல் நட்டு, எண் போட்டு, ஒவ்வொரு மனையையும் விவசாயியின் பெயரிலேயே நேராக வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கிறார். எந்த ஒரு நாளிலும் அந்த நிலத்துக்கு அவர் சொந்தக்காரர் ஆவதில்லை. வில்லங்கச் சான்றில் 'முகவர்' என்ற இடத்தில் மட்டும் அவர் பெயர் இருக்கும். லாபம் முழுக்க அவருடையது. பத்திரத்தில் பொறுப்பு முழுக்க கைநாட்டு வைத்த விவசாயியுடையது.

இங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. உச்சவரம்புச் சட்டத்தின் பின்னால் இருந்த முழக்கம் உழுபவனுக்கு நிலம். பெரிய உடைமை உடைய வேண்டும் என்பது அதன் நோக்கம். நகர விளிம்புகளில் பெரிய உடைமை உண்மையாகவே உடைந்தது. 1200, 2400 சதுர அடித் துண்டுகளாக உடைந்து, வாத்தியார்களுக்கும் கிளார்க்குகளுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பியவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. உழுதவர் பத்திரத்தில் விற்பவராக ஒரு கைநாட்டோடு மறைந்தார். அங்கே கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனை உரிமை மாற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2011 அக்டோபரில். அதற்குள் ஒரு தலைமுறையின் மனைகள் விற்று முடிந்திருந்தன.

நகர நில உச்சவரம்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1978ல் வந்தது, 1999 ஜூன் 16ல் போனது. இருந்த காலத்தில் விலக்குப் பெறுவது ஒரு தொழிலாக இருந்தது. போன பிறகு, மிகை நிலம் அரசின் கைக்கு உண்மையில் வந்துவிட்டதா, காகிதத்தில் மட்டும் வந்ததா என்ற வழக்குகள் மிஞ்சின. அரசு சுவாதீனம் எடுத்திருந்தால் நிலம் அரசுக்கு, எடுக்கவில்லையானால் பழைய உரிமையாளருக்கு. ஆகக் கிராம அலுவலர் ஒருவர் என்றோ ஒரு பகலில் போய் நின்று எழுதிய, அல்லது போகாமலே எழுதிய, ஒரு தேதியின் மேல் கோடிகள் தொங்கின. மறுபடியும் பொழுது. மிகை நிலம் என்று தெரியாமல் வாங்கியவர்களுக்காக 'அப்பாவிக் கிரயதாரர்' என்று ஒரு வகையையும் அரசாணைகள் உருவாக்கின. இலக்கியத்தில்கூட இத்தனை துல்லியமான பாத்திரப் பெயர் கிடைப்பது அரிது.

5

மிஷேல் ஃபூக்கோ 1975ல் சிறைச்சாலையின் பிறப்பைப் பற்றி எழுதிய நூலில் ஒரு கருத்து உண்டு: தண்டனைச் சட்டம் மீறல்களை ஒழிப்பதற்காக இருப்பதில்லை, மீறல்களை வகை பிரித்து, சிலவற்றுக்கு இடம் கொடுத்து, சிலவற்றை இறுக்கி, மொத்தத்தையும் நிர்வகிப்பதற்காக இருக்கிறது. நம் சூழலில் ஃபூக்கோ கொஞ்சம் அதிகமாகவே மேற்கோள் காட்டப்பட்டுவிட்டார் என்ற அலுப்பு எனக்கும் உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தை அருகில் வைத்துப் படிக்கும்போது இக்கருத்தை விலக்க முடியவில்லை.

அந்தச் சட்டம் 1971ஆம் வருடத்தினது. விதி மீறிக் கட்டிய கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 1998ல் அதில் 113ஏ என்ற பிரிவு நுழைந்தது. 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியவர்களுக்கு மட்டும், ஒரே ஒருமுறை மட்டும் என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று வரிசையாகத் திருத்தங்கள் வந்து தேதி நகர்ந்துகொண்டே போனது. 2006 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் முதல் மன்னிப்பை மட்டும் ஏற்று, பிந்தைய நீட்டிப்புகளை அடித்துப் போட்டது. 2012ல் 113சி வந்தது. தேதி இப்போது 2007 ஜூலை 1. மனைகளுக்கு 2017 மே மாதம் தனி விதிகள் வந்தன. அங்கே எல்லைக்கோடு, 22ஏ கண்விழித்த அதே 2016 அக்டோபர் 20. அந்தத் தேதிக்கு முன் மனைப்பிரிவில் ஒரு மனையாவது பதிவாகியிருந்தால் போதும், முழு மனைப்பிரிவும் வரன்முறைக்குத் தகுதி பெறும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஏரியிலும் வாய்க்காலிலும் விழுந்த மனைகளுக்கு விதிகள் இடம் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

வரன்முறைப்படுத்துவதே அநியாயம் என்பது என் கட்சி அல்ல. என் அப்பாவே பயனாளி. கேள்வி, இந்த மன்னிப்பு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதுதான்.

அதே 1971ல் இன்னொரு சட்டமும் வந்தது. குடிசைப் பகுதிகள் மேம்பாடு, அகற்றுதல் சட்டம். அதன்கீழ் ஓர் இடம் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால் அங்குள்ளவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது; அறிவிப்பு என்பது ஏழையின் பட்டா மாதிரி. 1971ல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985ல் 17 சேர்ந்தன. அதற்கப்புறம் பட்டியலில் ஒன்றுகூடச் சேராமல் காலம் ஓடிற்று. நகரம் வளர்ந்தது, கூவம் ஓரத்திலும் அடையாற்று ஓரத்திலும் ஆட்கள் வந்து குடியேறினார்கள், அவர்களுடைய பொழுது மட்டும் 1985ல் நின்றுவிட்டது. பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மாடி கட்டியவருக்குத் தேதி 1999லிருந்து 2007க்கு நகர்கிறது, மனை போட்டவருக்கு 2016க்கு நகர்கிறது, குடிசை போட்டவருக்கு நகரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்களை நீர்வழியை அடைத்தவர்கள் என்று சொல்லி அள்ளிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கத்தில் விட்டார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். வெள்ளம் அங்கேயும் வந்தது.

பஞ்சமி நிலத்தில் பொழுது இன்னும் விபரீதமாக வேலை செய்கிறது. 113ஏவும் 2017 விதிகளும் மீறியவருக்கு ஆதரவாகக் காலத்தை முன்னால் தள்ளுகின்றன. 1892 நிபந்தனையோ, மீறப்பட்டவருக்கு ஆதரவாகக் காலத்தைப் பின்னால் இழுக்கும்படி கேட்கிறது: எத்தனை கை மாறியிருந்தாலும் திரும்பக் கொடு என்கிறது. அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டு கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். அவர்கள் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. இருந்த ஆணையை நிறைவேற்றச் சொன்னார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பஞ்சமி என்ற சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கடற்கரைச் சாலையோரம் கேளிக்கைப் பூங்காவும் ரிசார்ட்டும் பெருகிய வட்டாரமும் அதுவே, பெருகிய பத்தாண்டுகளும் அவையே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுற்றி நிலத்தின் விலை ஏற ஏற, பழைய நிபந்தனையைப் பற்றிப் பேசுவது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மாறிக்கொண்டு வந்தது.

பஞ்சமி நிலத்தைத் தெரியாமல் வாங்கியவர்களை என்ன செய்வது என்று உடனே ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். அதற்கு அரசிடம் பதிலும் இருக்கிறது. அப்பாவிக் கிரயதாரருக்கு ஒரு ஏற்பாடு செய்யத் தெரிந்த அரசுக்கு, அவருக்கு இழப்பீடு கொடுத்து நிலத்தை மீட்கவும் தெரியும். நம்மிடையே இல்லாதது இன்னொரு பாத்திரம். அப்பாவியாய் இழந்தவர் என்று ஒரு வகை அரசாணையில் எழுதப்படவில்லை.

6

சிறு முதலீட்டாளரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். நில மாஃபியா, நில மாஃபியா என்று பேசியே நாம் ஒரு சௌகரியத்தை உண்டாக்கிக்கொண்டோம். அந்தச் சொல்லுக்குள் நம் வீட்டு மஞ்சப்பை வராது. நான் பேசிப் பார்த்தவரையில், சிறுபத்திரிகை வாசகர்களில் பாதிப் பேரிடமாவது எங்கோ ஒரு புறவழிச் சாலையோரம் கால் கிரவுண்டாவது இருக்கிறது. பென்ஷன் இல்லாத வேலை, வங்கி வட்டியைத் தின்னும் விலைவாசி, பெண்ணுக்குப் போட வேண்டிய நகை. இவற்றுக்கெல்லாம் அரசு தராத பாதுகாப்பை நிலம் தரும் என்று நம்பித்தான் அப்பா மாதம் 300 ரூபாய் கட்டினார். தவணை முடிந்ததும் ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

அவரைப் போன்றவர்களின் பணம்தான் விளைநிலத்தை ப்ளாட்டாக்கியது என்பதும் உண்மை. அந்தப் பணத்தில் அவர்களுக்குத் தங்கியது மிகக் குறைவு என்பதும் உண்மை. நிலத்தின் விலையை அரசே எழுதிவைக்கும் வழிகாட்டி மதிப்பு என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூன் 9 அன்று ஒரே ஆணையில் அது 33 சதவீதம் குறைக்கப்பட்டது. கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏறியது. 2023ல் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது, கட்டணம் 2 ஆயிற்று. அப்பா பேரேட்டில் எழுதிவைத்திருந்த சொத்தின் மதிப்பு, அவர் எதுவும் செய்யாமலே ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு இறங்கி, ஆறு வருடம் கழித்து ஏறியது. இதைத் தாங்குவதற்கும், இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் பதிவைத் தள்ளிப்போடுவதற்கும் முந்திக்கொள்வதற்கும் கையில் வேறு பணம் இருக்க வேண்டும். பெரிய கைகளுக்குச் சட்டத்தின் பொழுது சீட்டாட்டம் போல. சின்னக் கைகளுக்கு அது வானிலை போல.

இதற்கிடையில் பெரிய கைகளுக்கு இந்தத் தேதி விளையாட்டேகூடத் தேவைப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டத்தின் நடுவே ஏரி, ஓடை, வாய்க்கால் வந்தால் அவற்றையும் திட்ட நிலத்தோடு சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்கிறது. வாய்க்காலில் விழுந்த அரை கிரவுண்டுக்கு 2017 விதிகளில் மன்னிப்பு இல்லை. 100 ஹெக்டேருக்கு மன்னிப்பே வேண்டியதில்லை. அனுமதி முன்கூட்டியே இருக்கிறது.

வரன்முறைக் கட்டணம் கட்டுவதற்காக 2018ல் அப்பாவோடு அந்த மனைக்குப் போயிருந்தேன். அவர் வைத்திருந்த பழைய விளம்பரத் தாளில் பூங்கா, பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் எல்லாம் வண்ணத்தில் அச்சாகியிருந்தன. அனுமதி பெற்ற மனைப்பிரிவாக இருந்திருந்தால் திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தந்திருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் எழுதப்படவில்லை; பூங்கா இருக்க வேண்டிய இடத்தை விளம்பரத் தாள் அச்சான மறுவருடமே நான்காக அறுத்து விற்றிருக்கிறார்கள். இப்போது அங்கே ஒரு அரிசி மண்டியும் மூன்று வீடுகளும். காலனியிலிருந்து ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் வேலிக்காத்தான் நிழலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அளக்க வந்தீங்களா சார்?" என்று அப்பாவிடம் கேட்டார். ஆமாம் என்றதும், "இதுல நாலு போகம் நட்டிருக்கோம். அந்தாண்ட கெணறு இருந்துச்சு" என்று கையைக் காட்டிவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டார். கிணறு எந்த இடத்தில் இருந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை.

அப்பா பத்திரத்தைப் பிரித்துச் சொத்து விவரத்தை வாசித்து, நான்கு எல்லையையும் கண்ணால் சரிபார்த்தார். மேற்கே 23 அடி ரோடு, சரி. வடக்கே மனை எண் 41, சரி. தெற்கே மனை எண் 43, சரி. கிழக்கே பூங்கா.